பத்து எம்.பி.க்களை வைத்துக்கொண்டு ஒரு ஆட்சியை ஆட்டிவைக்க முடியுமா?

கேள்வி இதுதான்: யாருக்கும் பெரும்பான்மை இல்லாத தொங்கு நாடாளுமன்றத்தில், பத்துப் பதினெட்டு எம்.பி.க்களை மட்டும் வைத்திருக்கும் ஒரு சின்னக் கட்சி, இருநூறு பேர் வைத்திருக்கும் கட்சியை ஆட்டிப் படைக்கிறதே, அந்தப் பலம் நிஜமா, இல்லை பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்குவதா? அப்புறம், இது நியாயம்தானா?

நிஜம்தான். ஆனால் கொஞ்சம் விசித்திரமான பலம். ஆதரவை வாபஸ் வாங்கிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரைதான் அது கையில் இருக்கும். சொன்னதைச் செய்துவிட்டால் பெரும்பாலும் அன்றோடு சரி. இந்தியாவில் ஒருமுறை, பிரிட்டனில் ஒருமுறை, ஒரே ஒரு ஓட்டில் ஆட்சி கவிழ்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே 20 ஆண்டு. அந்த இரண்டு நாள்களைப் பார்த்தாலே இது புரிந்துவிடும்.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். 100 பேர் கொண்ட சபை. மூன்று கட்சிகள்: 48, 46, 6. பெரும்பான்மைக்கு 51 வேண்டும். எந்த இரண்டு கட்சி சேர்ந்தாலும் 51 தாண்டிவிடும். எந்தக் கட்சியும் தனியாகத் தாண்டாது. ஆக, ஆட்சி அமைக்கும் கணக்கில் 48 பேர் கொண்ட கட்சியும் 6 பேர் கொண்ட கட்சியும் ஒன்றுதான். இப்போது எண்ணைக் கொஞ்சம் மாற்றுங்கள்: 51, 43, 6. அதே 6 பேர்தான், ஆனால் அவர்கள் மதிப்பு பூஜ்யம். இன்னொரு முறை மாற்றுங்கள்: 48, 40, 6, 6. பெரிய கட்சிக்கு இந்த இரண்டு ஆறில் ஏதாவது ஒன்று போதும். இனி இரண்டு சின்னக் கட்சிகளும் ஒன்றையொன்று விலை குறைத்துக்கொள்ளும். சந்தையில் ஒரே ஒரு கீரைக்காரி இருந்தால் ஒரு விலை, பக்கத்திலேயே இன்னொருத்தி கடை போட்டுவிட்டால் வேறு விலை. அவ்வளவுதான் சமாசாரம்.

கணக்கு இதோடு முடிந்தது. மீதியெல்லாம் அரசியல். அந்த ஆறு பேரால் நிஜமாகவே எதிர்ப்பக்கம் போக முடியுமா, அவர்கள் கேட்பதைப் பெரிய கட்சியால் கொடுக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

1998 மார்ச்சுக்கு வருவோம். பாஜகவுக்கு 182 இடங்கள். கூட்டணிக் கட்சிகளைக் கூட்டினாலும் இழுபறி. தமிழ்நாட்டில் அதிமுக அணி 39-இல் 30 தொகுதிகளைப் பிடித்திருந்தது. அதில் அதிமுகவுக்கு மட்டும் 18. குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் ஆதரவுக் கடிதங்களைக் கேட்டார். மற்றவர்கள் கடிதம் போய்ச் சேர்ந்தது, சென்னையிலிருந்து மட்டும் வரவில்லை. நாள்கள் ஓடின. டெல்லியில் பதவியேற்புக்குத் தயாராக இருந்தவர்கள் ஜெயலலிதாவின் போயஸ் தோட்டத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாகக் கடிதம் போய், மார்ச் 19-இல் வாஜ்பாய் பதவியேற்றார். மார்ச் 28 நம்பிக்கை வாக்கெடுப்பில் 274-க்கு 261. அந்த 274-இல் 18-ஐக் கழித்துப் பாருங்கள், அடுத்த 13 மாதங்கள் ஏன் அப்படி ஓடின என்பது புரியும்.

ஜெயலலிதா கேட்டவற்றில் முதன்மையானது, தமிழ்நாட்டில் திமுக ஆட்சியை 356-ஆவது பிரிவின் கீழ் கலைக்க வேண்டும் என்பது. இந்தக் கோரிக்கைக்கு ஒரு முன்கதை உண்டு. 1991 ஜனவரி 30-இல் இதே மாதிரி ஒரு கலைப்பு நடந்திருந்தது. அப்போது பிரதமராக இருந்த சந்திரசேகருக்குச் சொந்தமாக இருந்தது ஜனதா தளத்திலிருந்து பிரிந்துவந்த அறுபது சொச்சம் பேர்தான். காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. காங்கிரசும் அதிமுகவும் கூட்டாளிகள். ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா கலைப்புக்கு அறிக்கை அனுப்ப மறுத்தார். அறிக்கை இல்லாமலேயே கலைத்தார்கள். 'வெளியிலிருந்து ஆதரவு' என்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைத் தமிழ்நாடு நேரடியாகப் பார்த்த சம்பவம் அது. (அந்த விலையைக் கொடுத்தும் சந்திரசேகர் பிழைக்கவில்லை. ராஜீவ் வீட்டை அரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்று காங்கிரஸ் சண்டை பிடிக்க, மார்ச் 6-இல் ராஜினாமா செய்தார்.)

ஆனால் 1991 வேறு, 1998 வேறு. நடுவில் 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: கலைப்பை நீதிமன்றம் ஆராயலாம், ஒரு அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும். குடியரசுத் தலைவர் நாராயணனும் இப்படிப்பட்ட பரிந்துரைகளைத் திருப்பி அனுப்பக்கூடியவர் என்று காட்டியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, கலைப்புக்கு ஒப்புதல் தர வேண்டிய மாநிலங்களவையில் பாஜக அணிக்குப் பெரும்பான்மை கிடையாது. 1999 பிப்ரவரியில் பீகாரில் ராப்ரி தேவி அரசைக் கலைத்துப் பார்த்தார்கள். மாநிலங்களவையில் காங்கிரஸ் கைகொடுக்காது என்று தெரிந்ததும் மார்ச்சில் தாங்களே வாபஸ் வாங்கி, ராப்ரி தேவியை மீண்டும் முதல்வராக்க வேண்டியதாயிற்று. நிலைமை இப்படி இருக்க, திமுக ஆட்சியைக் கலைப்பது என்பது வாஜ்பாய் மனது வைத்தாலும் கொடுக்க முடியாத பொருள்.

இந்த இடத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். பொதுவாக இந்தக் கதையை 'அகங்காரம், பிடிவாதம்' என்று தனிமனித குணமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். குணம் இருந்திருக்கலாம். ஆனால் பேரத்தின் குறை வேறு இடத்தில் இருந்தது. எதிராளியிடம் இல்லாத பொருளுக்கு விலை பேசினால், பேரம் எத்தனை தடவை நடந்தாலும் படியாது. ஜார்ஜ் பெர்னாண்டஸ், ஜஸ்வந்த் சிங் என்று டெல்லியிலிருந்து தூதர்கள் வந்து வந்து போனார்கள். வெறுங்கையோடு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அதே அவையில் சந்திரபாபு நாயுடுவைப் பாருங்கள். அவரிடம் 12 பேர். மந்திரி பதவி வேண்டாம் என்றார். சபாநாயகர் நாற்காலியைக் கேட்டு வாங்கி, தன் கட்சியின் ஜி.எம்.சி. பாலயோகியை உட்காரவைத்தார். மற்றதெல்லாம் ஆந்திரத்துக்கு நிதி, அரிசி, திட்டம் என்று கோப்பில் கையெழுத்துப் போட்டால் கிடைக்கக்கூடிய சங்கதிகள். சத்தமும் இல்லை, தூதரும் இல்லை.

1998 டிசம்பரில் கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத் பதவி நீக்கப்பட்டதும் கோரிக்கைப் பட்டியலில் அவரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. 1999 மார்ச் 29-இல் சுப்பிரமணியன் சுவாமி டெல்லியில் கொடுத்த தேநீர் விருந்தில் ஜெயலலிதாவும் சோனியா காந்தியும் சந்தித்தார்கள். இந்திய அரசியலில் இதைவிடப் பேர்போன டீ கிடையாது. இரண்டு வாரத்தில், ஏப்ரல் 14 அன்று, ஆதரவு வாபஸ்.

கவனிக்க வேண்டியது, 18 பேர் வெளியே போன அன்றே அந்த அணி உடைந்துவிட்டது. அவரோடு சேர்ந்து ஜெயித்த பாமகவும் மதிமுகவும் வாஜ்பாயோடு தங்கிவிட்டன. அதைவிட விநோதம், எந்தத் திமுகவின் ஆட்சியைக் கலைக்கச் சொன்னாரோ அந்தத் திமுக, புதுச்சேரியையும் சேர்த்துத் தன்னிடம் இருந்த 6 எம்.பி.க்களோடு வாஜ்பாய் பக்கம் வந்து நின்றது. அதிமுக காலிசெய்த இடம் காலியாகவே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே.

ஏப்ரல் 17, சனிக்கிழமை. வாக்கெடுப்பு. மாயாவதியின் கட்சியில் 5 பேர். ஓட்டுப் போடாமல் ஒதுங்கிவிடுவார்கள் என்று ஆளும் தரப்பு நம்பியிருந்தது, எதிர்த்துப் போட்டார்கள். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் தன் கட்சியின் கொறடா உத்தரவை மீறி எதிர்த்துப் போட்டார். கிரிதர் கமாங் இரண்டு மாதத்துக்கு முன்பே ஒடிசா முதல்வராகப் போய்விட்டார், ஆனால் கோராபுட் எம்.பி. பதவியை இன்னும் விடவில்லை. அவர் வந்து போடலாமா கூடாதா என்று சர்ச்சை. சபாநாயகர் பாலயோகி அதை அவருடைய மனசாட்சிக்கே விட்டார். கமாங் எதிர்த்துப் போட்டார். பலகையில் ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரு நிமிடம் அவை முழுக்க அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் எது ஆதரவு, எது எதிர்ப்பு என்று பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று.

'அந்த ஒரு ஓட்டு யாருடையது' என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. சோஸா, கமாங்கா, மாயாவதியா? விவாதமே அர்த்தமில்லாதது. ஒரு ஓட்டில் தோற்றால், எதிர்த்துப் போட்ட 270 பேரில் யாரைக் கைகாட்டினாலும் அது அவருடைய ஓட்டுத்தான்.

அடுத்து நடந்ததுதான் நம் கேள்விக்கு வேண்டியது. சோனியா, பெரும்பான்மைக்கு வேண்டிய 272 பேர் தன் பக்கம் இருக்கிறார்கள் என்றார். முலாயம் சிங் கைவிரித்தார். மாற்று அரசு அமையவில்லை. ஏப்ரல் 26-இல் மக்களவை கலைந்தது. கார்கில் வந்தது. அக்டோபரில் எண்ணி முடித்தபோது பாஜகவுக்கு மறுபடியும் அதே 182. அதிமுகவுக்கு 18 போய் 10. திமுக 12 பேரோடு உள்ளே, மந்திரி பதவிகளோடு. நாயுடு 12-லிருந்து 29. வாஜ்பாய் இப்போது யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டால் கவிழாத நிலையில் இருந்தார். ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: 2001 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக அமோகமாக ஜெயித்தது. ஆக, டெல்லியில் ஆட்சியைக் கவிழ்த்ததற்காகத் தமிழ்நாட்டு வாக்காளர்கள் நிரந்தரமாகத் தண்டித்தார்கள் என்று சொல்ல முடியாது. போனது டெல்லியில் இருந்த பிடி.

இப்போது 20 ஆண்டு பின்னால், லண்டன். 1979 மார்ச் 28. தொழிற்கட்சிப் பிரதமர் ஜேம்ஸ் கலகன். 1974 அக்டோபரில் கிடைத்த நூலிழைப் பெரும்பான்மை இடைத்தேர்தல்களில் கரைந்துபோய், லிபரல் கட்சியின் ஆதரவில் கொஞ்ச காலம், அதுவும் முடிந்தபின் ஒவ்வொரு வாக்கெடுப்பாகத் தத்தளித்து வந்த அரசு. ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு 11 பேர். அவர்கள் கேட்டது ஸ்காட்லாந்துக்குத் தனி மன்றம். மார்ச் 1-இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் 51.6 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது ஆதரிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சட்டத்தில் செருகியிருந்தார்கள், கிடைத்தது 32.9. மன்றம் இல்லை என்றாகிவிட்டது. கோபத்தில் அந்தக் கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவர, எதிர்க்கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்.

அன்றிரவு நடந்தவை சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள். நாடாளுமன்றச் சிற்றுண்டிச் சாலை ஊழியர்கள் வேலைநிறுத்தம். உறுப்பினர்களுக்குச் சோறு தண்ணி இல்லை. வட அயர்லாந்திலிருந்து பிராங்க் மகுவயர் என்ற சுயேச்சை, ஊரில் மதுக்கடை நடத்துபவர், அவைக்கு அபூர்வமாகவே வருபவர், அன்று வந்தார். எதற்கு? நேரில் வந்து நடுநிலை வகிக்க. ஓட்டுப் போடவில்லை. தொழிற்கட்சியின் சர் ஆல்பிரட் பிராட்டன் மரணப் படுக்கையில் இருந்தார். ஆம்புலன்சில் நாடாளுமன்ற வளாகத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும், உள்ளே வராமலேயே அவர் ஓட்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அங்கே மரபு உண்டு. வழியிலேயே உயிர் போய்விடலாம் என்றார்கள். கொண்டுவர வேண்டாம் என்று கலகன் முடிவெடுத்தார். 311-க்கு 310. அரசு போயிற்று. பிராட்டன் ஐந்தாம் நாள் இறந்தார்.

கலகன் அன்று அவையில் ஸ்காட்லாந்துக்காரர்களைக் குத்திக் காட்டிச் சொன்னது பிரபலம்: கிறிஸ்துமஸ் சீக்கிரம் வரட்டும் என்று வான்கோழிகளே ஓட்டுப் போடுவதை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார். நம் ஊர்ப் பக்கம் சொன்னால், கிடா வெட்டுக்கு ஆடே நாள் குறித்துக் கொடுத்த மாதிரி. மே 3 தேர்தலில் தாட்சர் 339 இடங்களோடு வந்தார். ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 11-லிருந்து 2. அவர்கள் கேட்ட மன்றம் வர 1999 ஆயிற்று.

ஆனால் எனக்கு அந்த இரவில் பிடித்த கதை வேறு. வேல்ஸ் நாட்டுக் கட்சியான பிளைட் கம்ரிக்கு வெறும் 3 எம்.பி.க்கள். வடக்கு வேல்ஸில் கூரை ஓட்டுக்கான பலகைக்கல் வெட்டும் சுரங்கங்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாக அந்தக் கல்தூசியை மூச்சில் இழுத்து நுரையீரல் கெட்டுப்போன தொழிலாளர்கள், நஷ்டஈடு கேட்கலாமென்றால் பல கம்பெனிகள் மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. வழக்குப் போடக்கூட ஆள் இல்லை. இந்த 3 பேரும் கேட்டது, அவர்களுக்கு அரசே நஷ்டஈடு கொடுக்க ஒரு சட்டம். கலகன் சரி என்றார். 3 பேரும் அரசுக்கு ஓட்டுப் போட்டார்கள். அரசு தோற்றது, ஆனாலும் நாடாளுமன்றம் கலைவதற்கு முன் இருந்த சில நாள்களுக்குள், ஏப்ரல் 4-இல், அந்தச் சட்டம் நிறைவேறிவிட்டது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கல்நார்த் தூசியால் நோய் வந்தவர்கள்கூட அதன் கீழ் பணம் வாங்குகிறார்கள். 11 பேர் வைத்திருந்தவர்கள் கவிழ்த்தார்கள், 3 பேர் வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள்.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. 2004-இல் திமுக அணி தமிழ்நாடு, புதுச்சேரி 40-ஐயும் வாரிக்கொண்டு போனது, திமுகவுக்கு 16. அந்த ஆண்டு அக்டோபரிலேயே தமிழுக்குச் செம்மொழித் தகுதி அறிவிப்பு வந்துவிட்டது. அரசுக்குப் பெரிய செலவில்லை, நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதில்லை, மாநிலங்களவையில் எண்ணிக்கை தேட வேண்டியதில்லை. அதே கையோடு கேட்ட சேதுசமுத்திரத் திட்டம் 2005-இல் தொடக்க விழா கண்டு, வழக்கில் மாட்டி நின்றுபோனது.

அதே திமுக 2013 மார்ச்சில் இலங்கை விவகாரத்தில் மன்மோகன் சிங் அரசிலிருந்து வெளியேறியது. 18 எம்.பி.க்கள், 1999-இல் அதிமுகவிடம் இருந்த அதே எண்ணிக்கை. ஆனால் அரசு அசையவில்லை. முலாயமும் மாயாவதியும் வெளியிலிருந்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதாவது பக்கத்தில் வேறு கீரைக்காரிகள் கடை போட்டிருந்தார்கள். 18 என்ற எண்ணுக்குத் தனியாக மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கு இந்த இரண்டு 18-களும் போதும்.

இடதுசாரிகளும் இதே பாடத்தை 2008-இல் படித்தார்கள். சுமார் 60 பேரை வைத்துக்கொண்டு நாலு வருடம் வெளியிலிருந்து அந்த அரசைப் பிடித்திழுத்தார்கள். பெல் நிறுவனப் பங்கு விற்பனையை நிறுத்தினார்கள். ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு அழுத்தம் கொடுத்ததிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. அணுசக்தி ஒப்பந்தத்துக்காக வாபஸ் வாங்கியதும் சமாஜ்வாதி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஜூலை 22-இல் அரசு 275-க்கு 256 என்று ஜெயித்தது. ஒப்பந்தமும் நிற்கவில்லை. 2009-இல் இடதுசாரிகள் 24 பேர். (அந்தச் சரிவுக்கு நந்திகிராமமும் சிங்கூரும் பெரிய காரணம், எல்லாவற்றையும் வாபஸ் மேல் போட வேண்டாம்.)

பிரிட்டனில் 2017-இல் வட அயர்லாந்தின் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்த யோகம் வேறு மாதிரி. பிரதமர் தெரசா மேவின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 317, பெரும்பான்மைக்குச் சில இடங்கள் குறைவு. இந்தக் கட்சிக்கு 10. கூட்டணி மந்திரிசபை எல்லாம் இல்லை; நம்பிக்கை வாக்கெடுப்பிலும் பட்ஜெட்டிலும் மட்டும் கைகொடுப்போம், மற்றதில் எங்கள் இஷ்டம் என்று எழுத்தில் ஒப்பந்தம். வட அயர்லாந்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டு. அப்புறம் 2019 ஜனவரி 15-இல் மே கொண்டுவந்த, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிவதற்கான பிரெக்சிட் ஒப்பந்தத்தை இந்த 10 பேரும் எதிர்த்துப் போட்டார்கள். 432-க்கு 202 என்று படுதோல்வி. மறுநாளே அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். அதே 10 பேர் அரசைக் காப்பாற்றினார்கள், 325-க்கு 306. அவர்கள் இந்தப் பக்கம் நிற்காமல் அந்தப் பக்கம் போயிருந்தால் 315-க்கு 316. நேற்று குழி தோண்டி, இன்று தூக்கிவிட்டார்கள்.

இது உச்சபட்ச சாமர்த்தியம் போலத்தான் தெரிந்தது. ஆனால் அவர்களுக்கு வேறு கதவு கிடையாது. எதிர்த்தரப்பில் ஜெரமி கார்பின். ஐரிஷ் குடியரசுவாதிகளுக்கு நெருக்கமானவர் என்று அவர்கள் அஞ்சிய ஆள். அவரோடு சேரவே முடியாது என்பது மேவுக்கும் தெரியும், அடுத்து வந்த போரிஸ் ஜான்சனுக்கும் தெரியும். அதே ஜான்சன் 2018 நவம்பரில் இந்தக் கட்சியின் மாநாட்டு மேடையிலேயே ஏறி, வட அயர்லாந்தைப் பிரிட்டனின் மற்ற பகுதிகளிலிருந்து பிரிக்கிற மாதிரி அயர்லாந்துக் கடலில் வணிக எல்லை போட எந்த கன்சர்வேட்டிவ் அரசும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பேசிக் கைதட்டல் வாங்கியவர். 2019 அக்டோபரில் பிரதமராக அந்தக் கடல் எல்லைக்கே கையெழுத்திட்டார். டிசம்பர் தேர்தலில் 365 இடங்கள் வாங்கினார். இந்தக் கட்சிக்கு 8. யாரும் போன்கூடப் போடத் தேவையில்லாத 8.

ஆஸ்திரேலியாவில் 2010-இல் ஒரே ஓட்டுக்கு என்ன விலை என்று பார்த்தோம். லேபர் கட்சிக்கு 72. தேர்தல் முடிந்து 17 நாள் இழுத்தடித்து, ஒரு பசுமைக் கட்சிக்காரரும் மூன்று சுயேச்சைகளும் சேர்ந்து லேபரின் ஜூலியா கில்லார்டை 76-க்கு 74 என்று பிரதமராக உட்காரவைத்தார்கள். அந்தச் சுயேச்சைகளில் ஒருவர் ஹோபார்ட்காரர் ஆண்ட்ரூ வில்கி. ஊர் ஆஸ்பத்திரிக்கு 100 கோடி டாலர் தருகிறேன் என்று எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட் சொன்னதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கில்லார்டின் 34 கோடியை எடுத்துக்கொண்டார். அந்த விஷயத்தில் பெரிய மனிதர்தான். அவருடைய முக்கியக் கோரிக்கை சூதாட்ட இயந்திரங்களுக்குக் கடிவாளம் போடுவது. ஒப்பந்தமும் எழுதி வாங்கினார். ஆனால் 2011 நவம்பரில் எதிர்த்தரப்பைச் சேர்ந்த பீட்டர் ஸ்லிப்பரை கில்லார்ட் சபாநாயகராக்கிவிட்டார். எதிரணியில் ஒரு ஓட்டுக் குறைந்தது, லேபருக்கு ஒரு ஓட்டு மிச்சம். இரண்டே மாதத்தில் சூதாட்டச் சட்டம் நீர்த்துப்போயிற்று. வில்கி ஆதரவை வாபஸ் வாங்கினார். அரசு அது பாட்டுக்கு ஓடியது.

2024 மக்களவையை இந்தக் கண்ணாடியில் பாருங்கள். பாஜக 240, கூட்டணி மொத்தம் 293. நாயுடுவிடம் 16, நிதிஷ் குமாரிடம் 12. இருவரும் கிங்மேக்கர் என்று எல்லாரும் எழுதினார்கள். ஆனால் நாயுடு மட்டும் போனால் 277, அரசு நிற்கும். நிதிஷ் மட்டும் போனால் 281, அப்போதும் நிற்கும். இரண்டு பேரும் ஒரே நாளில் போனால்தான் 265. தனித்தனியாக இருவராலுமே கவிழ்க்க முடியாது. ஆகவே அந்த ஜூலை பட்ஜெட்டில் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய் ஏற்பாடும் பீகாருக்குச் சாலைகளும் வந்தன. இருவரும் பல ஆண்டாகக் கேட்ட சிறப்பு அந்தஸ்து வரவில்லை. நாயுடு முணுமுணுக்கவும் இல்லை. 1998-இல் அவர் பேரம் பேசிய அதே விதம்தான்.

நியாயமா என்ற கேள்விக்கு: பத்துப் பேருக்கு இவ்வளவு விலை எப்படி வருகிறது என்றால், பெரிய கட்சிகள் இரண்டும் ஒன்றோடொன்று சேரவே மாட்டோம் என்று நிற்பதால்தான். ஜெர்மனியில் 2005-இல் 226 பேர் வைத்திருந்த ஏஞ்சலா மெர்கல் தரப்பும் 222 பேர் வைத்திருந்த சமூக ஜனநாயகக் கட்சியும் முட்டி மோதியபின் சேர்ந்தே ஆட்சி அமைத்தன. சின்னக் கட்சிகள் எல்லாம் வேடிக்கை பார்த்தன. காங்கிரசும் பாஜகவும் அப்படிச் சேராது, சேர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் சேராமல் இருப்பதற்கான கட்டணம் அது என்று தெரிந்துகொண்டால், சின்னக் கட்சியை மட்டும் திட்டத் தோன்றாது.

ஜெர்மனியில் இன்னொன்றும் உண்டு. அங்கே ஒரு அரசைக் கவிழ்க்க வேண்டுமானால், அதே ஓட்டில் அடுத்த ஆள் யார் என்பதையும் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுக்க வேண்டும். 1982 அக்டோபர் 1-இல் சுதந்திர ஜனநாயகக் கட்சி பக்கம் மாறியபோது அப்படித்தான் ஹெல்முட் ஷ்மிட் இறங்கி ஹெல்முட் கோல் ஏறினார், ஒரே வாக்கெடுப்பில். இந்த விதி இங்கே இருந்திருந்தால் 1999 ஏப்ரல் 17-இல் வாஜ்பாய் விழுந்திருக்க மாட்டார். எதிரே 272 பேரோடு யாரும் இல்லை. அடி வாங்கிய வாஜ்பாய், திரும்பி வந்தபின் 2000-இல் அரசியலமைப்பின் செயல்பாட்டை ஆராய நீதிபதி வெங்கடாசலையா தலைமையில் ஓர் ஆணையம் போட்டார். 2002-இல் அது கொடுத்த அறிக்கையில் இதே யோசனை இருக்கிறது: நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருபவர்கள் மாற்றுத் தலைவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பின் காங்கிரசும் ஆண்டுவிட்டது, பாஜகவும் ஆண்டுகொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும் நாளில் தங்களுக்கும் கவிழ்க்க வேண்டியிருக்குமே.